கன்சாஸ், நெப்ராஸ்கா சிற்றூர் ஆர்.வி. பார்க்குகள்: மாதக்கணக்கில் தங்கினால் தெரிவது

ஆர்.வி. என்பது சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி; அதை நிறுத்தித் தங்கும் இடம்தான் ஆர்.வி. பார்க். நீச்சல் குளமும் கடையும் வைத்த பெரிய பார்க்குகள் பற்றி இங்கே பேசவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலச் சமவெளியில் பத்துப் பதினைந்து வண்டிகள் மட்டும் நிற்கக்கூடிய சிற்றூர் பார்க்குகள் பற்றியது இது. சிலவற்றைத் தனியார் நடத்துகிறார்கள். பலவற்றை ஊர் நிர்வாகமே பொதுப் பூங்காவின் ஓரத்தில் அமைத்திருக்கிறது. அங்கே ஆள் இருக்க மாட்டார். உறையில் பணத்தை வைத்து, வண்டி எண்ணை எழுதி, இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டுத் தங்கலாம். அகலமான இடம், இருட்டு வானம், குறைந்த வாடகை என்று ஓரிரவுக்கு எல்லாமே அருமையாகத்தான் இருக்கும். வாரக்கணக்கில் தங்கினால்தான் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றின் உண்மையான நிலை தெரியவரும்.

முதலில் மின்சாரம். 30 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட்டில் 3,600 வாட் கிடைக்கும். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு 120 வோல்ட் மின்கம்பிகள் இருப்பதால் 12,000 வாட் வரை இழுக்கலாம். கூரை ஏ.சி., வாட்டர் ஹீட்டர், மைக்ரோவேவ் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 ஆம்ப் எடுக்கும். 30 ஆம்ப்பில் மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். விழுந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. சத்தமில்லாமல் கெடுப்பது குறைந்த வோல்டேஜ். ஜூலை மாத மாலையில் எல்லா வண்டியிலும் ஏ.சி. ஓடும்போது, பழைய மெல்லிய வயரின் கடைசியில் இருக்கும் இடத்தில் 120 என்பது 104க்கும் கீழே இறங்கிவிடும். அப்போது கம்ப்ரசர் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறும். இப்படியே நாள்கணக்கில் ஓடினால் சீக்கிரமே போய்விடும். சாதாரண சர்ஜ் புரொடெக்டர் இதைத் தடுக்காது. வோல்டேஜ் 104 அளவுக்கு இறங்கியதும் தானே துண்டிக்கும் ஈ.எம்.எஸ். வகைக் கருவிதான் வேண்டும். விலை கூடுதல்தான், ஆனாலும் ஒரு ஏ.சி.யின் விலைக்கு முன் அது ஒன்றுமில்லை. செருகுவதற்கு முன் பிரேக்கரை அணைத்துவிட்டு சாக்கெட் துளைகளைப் பாருங்கள். கறுத்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ வேறு இடம் கேளுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்த்து, சுட்டால் அங்கே தொடர்பு சரியில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் பெரும்பாலும் நிலத்தடி நீர். மேற்குக் கன்சாஸில் நல்ல கடினத்தன்மை உண்டு. சில வாரங்களிலேயே ஷவர் தலையில் வெள்ளைப் பொருக்கு கட்டும். வினிகரில் ஊறவைத்தால் விடும். இரவில் யாரும் குழாய் திறக்காதபோது அழுத்தம் ஏறுவதால், 45 முதல் 50 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தின் அலகு) வைத்த அழுத்த ரெகுலேட்டர் கட்டாயம். அதை வண்டிப் பக்கம் மாட்டாமல் குழாய்ப் பக்கம் மாட்டினால் ஹோஸும் தப்பிக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே பார்க்கைக் குறை சொல்லிவிட வேண்டாம். வெந்நீரில் மட்டும் வந்தால் காரணம் வாட்டர் ஹீட்டர் துருப்பிடிக்காமலிருக்க உள்ளே வைத்த மக்னீசியம் ஆனோடு கம்பியும் தொட்டியில் வளரும் பாக்டீரியாவும்தான். தொட்டியை பிளீச் கலந்த நீரால் கழுவி, அலுமினியம்-துத்தநாகக் கம்பிக்கு மாற்றினால் போகும். பச்சைத் தண்ணீரிலும் நாறினால் அது ஊர்த் தண்ணீர். கார்பன் ஃபில்டர் ஓரளவு உதவும்.

நெப்ராஸ்காவின் கியர்னி ஊர்ப் பக்கம் பிளாட் ஆற்றுக்கு லட்சக்கணக்கில் கொக்குகள் இறங்கும் மார்ச் மாதத்தில் போகிறவர்கள், குழாய் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். இரவில் உறைநிலைக்குக் கீழே போவதால் பல இடங்களில் ஏப்ரல் வரை தண்ணீரை நிறுத்தியே வைத்திருப்பார்கள்.

கழிவு விஷயத்தில்தான் நம் அக்கறை அதிகம் வேண்டும். இந்தப் பார்க்குகளில் பல செப்டிக் டேங்கை நம்பியவை. ஃபார்மால்டிஹைடு கலந்த கழிப்பறை மருந்து அதிலுள்ள பாக்டீரியாவைக் கொன்றுவிடும். என்சைம் வகை மட்டும் போடுங்கள். செப்டிக் பாழானால் அதைச் சரிசெய்யும் செலவு ஒரு சிறிய ஊருக்குப் பெரும் சுமை, பார்க்கையே மூட வேண்டியதாகிவிடலாம். வண்டிக்கு அடியிலுள்ள கழிப்பறைத் தொட்டியின் வால்வு எப்போதும் மூடியே இருக்கட்டும். திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடிவிடும், கெட்டியானது அடியில் குவிந்து இறுகும். பிறகு எடுப்பது பெரும்பாடு. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் அதை முதலில் திறந்து விடுங்கள், பிறகு சமையல், குளியல் நீர்த் தொட்டியைத் திறந்தால் அதுவே ஹோஸைக் கழுவிவிடும். முடிந்ததும் எட்டு, பத்து லிட்டர் தண்ணீரைக் கழிப்பறைத் தொட்டியில் ஊற்றி வையுங்கள்.

நம் சமையலுக்கு இன்னொன்று. சோற்றுப் பருக்கை, சாம்பார்ப் பருப்பு, தாளித்த எண்ணெய் மூன்றும் சமையல், குளியல் நீர்த் தொட்டியில் போய்ப் படிந்து நாறும், தொட்டி எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் சென்சாரையும் பொய் சொல்ல வைக்கும். பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்சி இந்த 120 வோல்ட்டில் உருப்படியாக ஓடாது.

ஊர் நிர்வாகப் பூங்காக்களில் ஒவ்வொரு இடத்திலும் கழிவு இணைப்பு இருக்காது. வாசலருகே கழிவை விட ஒரே பொதுத் துளைதான். நாலு பேர் குளித்தால் 150 லிட்டர் தொட்டி இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். நீண்ட நாள் தங்குகிறவர்கள் சக்கரம் வைத்த கழிவுத் தொட்டி ஒன்று வைத்துக்கொண்டால் வண்டியை நகர்த்த வேண்டியதில்லை.

ரயில் சத்தத்தை முன்பதிவுக்கு முன்பே வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாட் பள்ளத்தாக்கில் யூனியன் பசிஃபிக் ரயில் நிறுவனத்தின் முக்கியத் தடம் ஊர்களின் நடுவே போகிறது. லெவல் கிராசிங்குக்கு 15 முதல் 20 விநாடி முன்பே ஹாரன் அடிப்பது விதி. இரவென்று விலக்கு கிடையாது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை டொர்னாடோ (கடும் சுழல்காற்று) அபாயம் அதிகம். ஆர்.வி. அதற்குத் தாங்காது. எச்சரிக்கைகளில் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) பெயரைச் சொல்லித்தான் அறிவிப்பார்கள் என்பதால், நிற்கும் கவுண்டியின் பெயரை எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அடைக்கல அறை எது, இரவில் பூட்டுவார்களா என்று வந்த அன்றே கேளுங்கள். காற்று எந்நேரமும் கிளம்பும், வெளியே போகும்போது ஆனிங்கை (வண்டியின் வெளிப்பக்கத் துணிக்கூரை) சுருட்டிவிட்டுப் போங்கள்.

மாத வாடகையில் மின்சாரம் பெரும்பாலும் தனிக் கணக்கு. வந்ததும் மீட்டரைப் படம் எடுத்து, பார்க்கை நடத்துகிறவருக்கும் அனுப்பிவிடுங்கள். 1,500 வாட் ஹீட்டர் நாள் முழுக்க ஓடினால் 36 யூனிட். குளிர்காலத்தில் புரொபேன் ஃபர்னஸையும் (எரிவாயுவில் ஓடும் சூடேற்றி) மாற்றி மாற்றிப் போட்டால், இரண்டின் விலையையும் பார்த்து எது மலிவோ அதை வைத்துக்கொள்ளலாம்.