தீபாவளி மருந்துப் பொட்டலம்: பலகாரத்துக்காகவே பிறந்த பலகாரம்

திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் இந்தத் தீபாவளிக்கு லேகியம் கிண்ட மருந்து சாமான் பொட்டலம் வாங்கினேன். 100 கிராம், 130 ரூபாய். கிண்டி, சாப்பிட்டு, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, பாட்டிலின் அடியைக் கரண்டியால் வழித்த பிறகு எழுதுகிறேன்.

போன வருஷம் நாத்தனார் கல்யாண வேலையில் கிண்ட நேரமில்லை. ஒரு பலகாரக் கடையில் ரெடிமேட் லேகியம் வாங்கி வந்தோம். உள்ளே பேரீச்சம்பழம், மேலே வறுத்த முந்திரி, நடுவில் ஒரு செர்ரிப் பழம். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாமியார் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "அல்வா நல்லாத்தான் இருக்கு. மருந்து எங்கம்மா?" என்று கேட்டார். வீடே சிரித்தது. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. சுக்கு வாசனை இல்லாமல் ஒரு தீபாவளி போய்விட்டதே என்று இருந்தது. அதனால்தான் இந்த வருஷம் பத்து நாள் முன்னாலேயே பொட்டலம் வாங்கப் போனேன்.

கடையில் கூட்டம். சுவர் முழுக்க மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. கல்லாவில் இருந்த பெரியவரிடம், "ஐயா, இந்த மருந்தை முதல்ல யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டேன். வீட்டில் அன்று காலைதான் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது.

அத்தையின் கட்சி புராணக் கட்சி. (மாமியாரை அத்தை என்றும் மாமனாரை மாமா என்றும்தான் நான் கூப்பிடுவேன்.) கண்ணன் நரகாசுரனைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பினான். வீட்டுக்கு வீடு தட்டில் பட்சணம் வந்தது. யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சத்தியபாமா சுக்கைத் தட்டி, வெல்லத்தில் உருட்டி வாயில் போட்டாள். "அசுரனை ஜெயிச்சவன் முறுக்குகிட்ட தோத்துட்டான்" என்று அத்தை கதையை முடிப்பார். இது எந்தப் புராணத்திலும் இருக்காது, அவருடைய அம்மா சொன்ன கதை. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இதுதான் வேத வாக்கு.

மாமாவின் கட்சி வேறு. மாமனார்கள்தான் பயந்துபோய் இதைக் கண்டுபிடித்தார்கள் என்கிறார். தலை தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளையைச் சாப்பிடு சாப்பிடு என்று சொல்லாமல் இருக்க முடியாது. சாப்பிட்டு அவர் படுத்துவிட்டாலோ, பெண் வீட்டில் என்னத்தைப் போட்டார்கள் என்று ஊர் கேட்கும். ஆகவே இலையில் முதல் பலகாரம் விழும் முன்பே மாப்பிள்ளை வாயில் மருந்து போய்விட வேண்டும். இதற்கு அவரிடம் ஆதாரம் உண்டு: 1979-இல் கும்பகோணத்தில் அவருடைய தலை தீபாவளி. அன்று 14 அதிரசம். எண்ணியவர் அத்தையின் தம்பி. மருந்து இல்லாவிட்டால் இன்றைக்கு நீ எனக்கு மருமகளாக வந்திருக்க முடியாது என்று என்னிடமே சொன்னார்.

கடைப் பெரியவர் இரண்டு கட்சியையும் பொறுமையாகக் கேட்டார். தராசில் ஓமத்தைக் கொட்டியபடி, "ஒரு வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும்மா. அண்ணன் பலகாரக் கடை வச்சான். தம்பி மருந்துக் கடை வச்சான். அண்ணன் கடையில கூட்டம், தம்பி கடையில ஈ. அவங்க அம்மா பாத்துக்கிட்டு சும்மா இருப்பாளா?" என்றார். பின்னால் வரிசையில் நின்ற அம்மாள் வாய்விட்டுச் சிரித்ததில் கையிலிருந்த கடுக்காய்ப் பை கீழே விழுந்தது.

கதை எதுவானாலும் மூன்று பேரும் ஓரிடத்தில் ஒத்துப் போகிறார்கள். மற்ற பலகாரங்கள் ஆசையில் பிறந்தவை. இது அந்தப் பலகாரங்களைத் தாங்குவதற்காகப் பிறந்தது. எனக்கு இதில் மாமா பக்கம்தான் சாய்வு, கூடவே ஐப்பசியையும் சேர்த்துக்கொள்வேன். வெளியே அடைமழை, விடியுமுன் எண்ணெய்க் குளியல், அப்புறம் வெறும் வயிற்றில் நெய்யும் வெல்லமும் எண்ணெயில் பொரித்ததும். சுக்கும் மிளகும் அங்கே வராமல் வேறு எங்கே வரும்?

வயசும் குறைந்ததாக இருக்காது என்று நினைக்கிறேன். இவ்வளவு காரமான பண்டத்தில் மிளகாய் ஒரு கிள்ளு கூட இல்லை, கவனித்திருக்கிறீர்களா? மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498-இல்தான். அதற்கு முன் நம் நாக்குக்குக் காரம் கொடுத்தவை மிளகும் திப்பிலியும் சுக்கும். இந்த மூன்றுக்கும் சேர்த்துத் திரிகடுகம் என்று பெயர். பதினெண்கீழ்க்கணக்கில் அதே பெயரில் நல்லாதனார் எழுதிய நூல் இருக்கிறது, ஒவ்வொரு பாட்டிலும் மும்மூன்று விஷயம். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று இன்னும் இரண்டு நூல்களுக்கும் மருந்துச் சரக்கின் பெயர்தான். சித்த மருத்துவம் சொல்லும் 32 அகமருந்துகளின், அதாவது உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளின், பட்டியலைப் பார்த்தால் அடை, பிட்டு, வடகம், வெண்ணெய், நெய் என்று போகிறது. லேகியமும் அதில் உண்டு, இளகம் என்ற பெயரில். நம் ஊரில் அடுப்படியும் வைத்தியசாலையும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்திருக்கின்றன.

சரி, பொட்டலத்துக்கு வருகிறேன். சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், ஓமம், சீரகம், தனியா. ஒன்பது சாமான். சுக்கு முதல் தரம். உடைத்தால் நார் குறைவு, உள்ளே மாவு வெளுப்பு, பூச்சித் துளை ஒன்றுகூட இல்லை. மிளகு கனமாக இருந்தது, தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், நாலைந்துதான் மிதந்தது. திப்பிலியை நாக்கில் வைத்தால் முதலில் லேசாக இனித்து, அப்புறம்தான் சுருக்கென்று ஏறும். அப்படியே ஏறியது.

குறையும் உண்டு. ஓமத்தில் மண். புடைத்துவிட்டு இரண்டு தண்ணீரில் அலச வேண்டியிருந்தது. கண்டந்திப்பிலி இரண்டே குச்சி, இன்னும் இரண்டு போட்டிருக்கலாம். சித்தரத்தையைத் துண்டு போடாமல் முழுசாகவே வைத்திருக்கிறார்கள். அதை நேராக மிக்ஸியில் போட்டுவிடாதீர்கள், கல்லில் ஓடுவதுபோல் சத்தம் வரும், பிளேடு போய்விடும். அம்மிக் குழவியால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போடுங்கள். எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது உள்ளே வைத்திருந்த செய்முறைச் சீட்டைப் பார்த்துத்தான். "வெல்லம், நெய் தேவையான அளவு" என்று அச்சடித்திருக்கிறார்கள். முதல் தடவையாகக் கிண்டும் புதுப்பெண்ணுக்குத் தேவையான அளவு எப்படித் தெரியும்? சீட்டு அடிக்கிற செலவு ஒன்றுதானே, அளவையும் போட்டுவிடலாம்.

எங்கள் வீட்டு அளவு இது. பொட்டலம் 100 கிராமுக்கு வெல்லம் 200, நெய் 50, நல்லெண்ணெய் 50. சாமானை வெறும் வாணலியில் சூடு ஏறும் வரை புரட்டி, இடித்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, விழுதாக அரைக்க வேண்டும். திப்பி நின்றால் தொண்டையில் குத்தும், ஆகையால் இதில் சோம்பல் கூடாது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, விழுதைப் போட்டு, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே நெய்யையும் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். எனக்கு 40 நிமிஷம் ஆயிற்று. கருகருவென்று சுருண்டு, வாணலியில் ஒட்டாமல், ஓரத்தில் நெய் கக்கினால் பதம். நன்றாக ஆறிய பிறகு இரண்டு ஸ்பூன் தேன். இளகலாக இருக்கும்போதே இறக்குங்கள், ஆறினால் தானே இறுகும்.

கிண்டும்போது வந்த வாசனைக்கே 130 ரூபாய் சரியாகப் போயிற்று. மூன்றாவது வீட்டிலிருந்து ஆள் வந்து, "மருந்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பெண் இதுவரை வாயைத் திறக்காதவள், இந்த வருஷம் சுண்டைக்காய் அளவு வாங்கிக்கொண்டாள். முதலில் வெல்லம், நடுவில் ஓமம், கடைசியில் சுக்கின் சூடு தொண்டை வழியாக இறங்கி நெஞ்சில் போய் உட்கார்ந்தது என்று அவளே வரிசையாகச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு உருண்டை கேட்டாள். மாமா நெல்லிக்காய் அளவு எடுத்துக்கொண்டு அதிரசத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

வயிற்றில் புண் இருப்பவர்கள் சுண்டைக்காய் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது, காரம் கொஞ்சநஞ்சமில்லை. வாங்க நினைப்பவர்கள் ஒரு வாரம் முன்னாலேயே போய்விடுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா போனபோது சித்தரத்தை தீர்ந்துவிட்டது. எட்டுச் சாமானோடு வந்து நின்றார், எங்கள் பாட்டிலில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.