டாலஸ் புறநகர் வாழ்க்கை: பத்து வருடத்துக்குப் பிறகு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே பிளேனோ என்ற ஊரைத் தாண்டி உள்ள ஒரு புறநகரில் பத்து வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறோம். வேலை மாற்றலாகி இந்தப் பக்கம் வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: பள்ளிக்கூடம் எப்படி, வீடு என்ன விலை. யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் கார் ஓட்டாதவர் யார், அவர் பகல் முழுக்க என்ன செய்வார்?

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மைலுக்கு ஒரு பெரிய சாலை, நெடுக்கும் குறுக்குமாக, பெரும்பாலும் ஆறு லேன். இடைப்பட்ட சதுரங்களில் வீடுகள். சதுரத்தின் உள்ளே தொடக்கப்பள்ளி, அதை ஒட்டிப் பூங்கா. மூலைகளில் மளிகைக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க். 1929-ல் கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கர் ஒரு குடியிருப்புப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த திட்டத்தின் சாயல் இதில் அப்படியே தெரியும். குழந்தை பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடந்து போக வேண்டும் என்பதுதான் அவருடைய அடிப்படை. ஆனால் அவர் மனதில் வைத்திருந்தது சுமார் 160 ஏக்கர். இங்கே ஒரு சதுர மைல் என்றால் 640 ஏக்கர். வரைபடம் அதே மாதிரி இருக்கிறது, நடக்கிற தூரம் மட்டும் கைமீறிப் போய்விட்டது.

நல்லதை மறைக்க மாட்டேன். மகள் ஐந்தாம் வகுப்பு வரை உள்தெருக்கள் வழியாகவே தோழிகளோடு நடந்து பள்ளிக்குப் போனாள். அந்த வருடங்களில் இந்த ஊர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாறியது. அது பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். அன்றிலிருந்து காலையும் மாலையும் நான் கார் வரிசையில் நிற்கிறேன். டெக்சஸில் பழகுநர் உரிமம் பதினைந்து வயதில், தனியாக ஓட்டப் பதினாறில். அதுவரை தோழி வீடு, நூலகம், நீச்சல் எதுவானாலும் பெற்றோரின் நேரம் பார்த்துத்தான். எதிர் சதுரத்தில் இருக்கிற தோழியைப் பார்க்க இரண்டு அம்மாக்கள் தேதி குறிக்க வேண்டும்.

எனக்கும் இது புதிதில்லை. வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் ஹெச்-4 விசாவில் வந்த புதிதில் வீட்டில் ஒரே கார், அது கணவரோடு அலுவலகம் போய்விடும். மதுரையில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு தனியாகச் சுற்றியவள், இங்கே ஒரு தலைவலி மாத்திரைக்கு அவர் வரும்வரை காத்திருந்தேன். அப்புறம் உரிமம் வாங்கினேன், இரண்டாவது கார் வந்தது, கூடவே அதற்கான தவணையும் இன்சூரன்ஸும். இங்கே வீட்டுச் செலவைக் கணக்குப் போடுகிறவர்கள் ஆளுக்கொரு காரையும் சேர்த்தே போட வேண்டும்.

ஆனால் இந்த அமைப்பு என்ன செய்கிறது என்று எனக்கு முழுதாகப் புரிந்தது, அம்மாவும் அப்பாவும் ஆறு மாதம் வந்து தங்கியபோதுதான். எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்குப் பின்னால் செங்கல் சுவர். இங்கே பெரிய சாலைகளின் ஓரம் பெரும்பாலும் இப்படித்தான், ஆள் உயரத்துக்கு மேல் நீளமாகப் போகும். மாடி ஜன்னலில் நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் மளிகைக்கடையின் பெயர்ப்பலகை தெரியும். சுவரில் வழி கிடையாது. வளைந்து வளைந்து போகும் தெருக்களைச் சுற்றிக் குடியிருப்பின் வாசலுக்கு வந்து, அங்கிருந்து சிக்னல் வரை நடந்து, பொத்தானை அழுத்தி, ஆறு லேனைக் கடக்க வேண்டும். மணிக்கு 45 மைல் வேகத்தில் வண்டிகள் வரும் சாலை. முட்டிவலி உள்ள அம்மா பாதி தூரம் போவதற்குள், கடக்க மீதி எத்தனை வினாடி என்று காட்டும் சிக்னல் எண்கள் குறைய ஆரம்பித்துவிட்டன. நடுத்திட்டில் நின்று அடுத்த முறைக்குக் காத்திருந்தோம். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அதற்குப் பிறகு அவர் நடந்து கடைக்குப் போகவில்லை. "ஒரு கட்டு கொத்தமல்லிக்குக்கூட மாப்பிள்ளையைப் போய்க் கேட்கணுமாடி?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்பாவைக் காப்பாற்றியது பூங்காதான். உள்தெரு வழியாகவே போகலாம் என்பதால் மாலையில் தானே கிளம்பிவிடுவார். அங்கே அவரைப் போலவே பிள்ளைகள் வீட்டுக்கு வந்த குஜராத்தி, தெலுங்குப் பெரியவர்கள் நான்கைந்து பேர் ஒரு பெஞ்சில் கூடுவார்கள். பாதி இந்தி, பாதி ஆங்கிலம், மீதி கை ஜாடை. சர்க்கரை மாத்திரை முதல் கிரிக்கெட் வரை பேச்சு. ஆறு மணி ஆனதும் சட்டை மாற்றிக்கொண்டு நிற்பார். யாரையும் கேட்காமல் போய்ச் சேர முடிகிற ஓர் இடம் ஒரு மனிதரை எப்படி மாற்றும் என்று கண்ணால் பார்த்தேன்.

பஸ் இல்லையா என்று கேட்பார்கள். டாலஸ் பகுதியின் பொதுப் போக்குவரத்து அமைப்பான டார்ட்டில் பிளேனோ, ரிச்சர்ட்சன், இர்விங் எல்லாம் உறுப்பினர்கள். பிளேனோவைத் தாண்டி எங்கள் பக்கம் உள்ள ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி இல்லை. காரணம் விற்பனை வரி. டெக்சஸில் மாநில வரி 6.25 சதவீதம், அதன் மேல் உள்ளூர் வரி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டார்ட்டில் சேர்ந்தால் அதில் 1 சதவீதம் அங்கே போய்விடும். சேராத ஊர்கள் அந்தப் பங்கைத் தொழில் வளர்ச்சிக்கும் ஊர் மேம்பாட்டுக்கும் வைத்துக்கொண்டன. கம்பெனிகள் வந்தன, மைதானங்கள் வந்தன. பஸ் வரவில்லை. கடையில் அதே 8.25 சதவீதம் கட்டுகிற என் அம்மாவுக்கு அந்த வரியில் ஒரு பஸ் நிறுத்தம்கூட இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஒரு சனிக்கிழமை பிளேனோவில் உள்ள பார்க்கர் ரோடு ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ரெட் லைன் ரயிலில் டாலஸ் போனோம். செயின்ட் பால் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் கிளைட் வாரன் பூங்கா. நெடுஞ்சாலை பள்ளத்தில் ஓடுகிறது, அதன் மேல் தளம் போட்டு 5 ஏக்கருக்குப் புல்லும் மரமும். 2012-ல் திறந்தார்கள். காலுக்குக் கீழே வண்டிகள் ஓடுகின்றன, மேலே குழந்தைகள் தண்ணீரில் ஆடுகிறார்கள், சாப்பாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அம்மா நிழலில் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் மனிதர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்து எத்தனை நாளாச்சு என்றார்.

சரி, இங்கே வீடு வாங்கலாமா? எல்லோரும் ஓட்டுகிற வீடு என்றால் தாராளமாக வாங்கலாம். பெற்றோர் வந்து தங்குவார்கள், பிள்ளை பத்து வயதைத் தாண்டப் போகிறது என்றால், பிளேனோ டவுன்டவுன் ஸ்டேஷன் பக்கம் உள்ள அடுக்குமாடிகளையும் டவுன்ஹவுஸ்களையும் பாருங்கள். கையகலத் தோட்டம்கூடக் கிடைக்காது, ஆனால் ரயிலும் கடைகளும் நடைதூரத்தில். புறநகர்தான் வேண்டும் என்றால் பூங்காவுக்கு உள்தெரு வழியே போகக்கூடிய வீடாகப் பாருங்கள், நடுநிலைப்பள்ளி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வீடு காட்டுபவர் காரில் கூட்டிப்போய்க் காட்டிவிடுவார். நீங்கள் ஒரு ஜூலை மாலையில் திரும்பிப் போய், அந்த வாசலிலிருந்து பால் வாங்கி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நடந்தே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.