டப்பா பவுடரா, சத்துமாவா?

நாலாவது படிக்கும் மகனைப் பள்ளியில் 'சத்தான உணவு' என்று படம் வரையச் சொன்னார்கள். கீரையும் முட்டையும் ஓரத்தில் சின்னதாக நிற்க, நடுவில் பெரிதாக எங்கள் வீட்டுச் சத்துபான டப்பா. மேலே குதிக்கும் பையனின் படம்கூட விட்டுப்போகவில்லை. டீச்சர் நட்சத்திரம் போட்டிருந்தார். அன்று ராத்திரிதான் அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். அந்த வாரமே எங்கள் சேலத்து லீ பஜாருக்குப் போய்ச் சத்துமாவுக்குச் சாமானும் வாங்கினேன்.

முதலில் டப்பா. முன்பக்கம் முழுக்க வைட்டமின், இரும்பு, கால்சியம். அதெல்லாம் பொய் இல்லை, கலந்துதான் இருக்கிறார்கள். ஆனால் பொருட்பட்டியலை எடை அதிகமானதில் தொடங்கித்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். எங்கள் டப்பாவில் தானியத்துக்கு அடுத்த பெயரே சர்க்கரை. 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல். ஒரு வேளைக்கு 20 கிராம் தூள் என்றால் அதிலேயே ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை போய்விடுகிறது. அதன் தலையில் நான் வேறு இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டிருந்தேன், கசக்குமே என்று! மொத்தக் கலோரியில் சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 என்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இவன் வயதுக்கு அந்த 5 சதவீதம் ஏறக்குறைய 20 கிராம். காலையும் மாலையும் ஒவ்வொரு டம்ளர் குடித்தால் அதைத் தாண்டிவிடுகிறது.

'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பிலிருந்து இந்தப் பானங்களை எடுக்கச் சொல்லி 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது. எங்கள் தெரு மளிகைக் கடையில் அது அசையாமல் அதே அலமாரியில்தான் இருக்கிறது.

இனி சத்துமாவு. ராகி, கம்பு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, கொஞ்சம் நிலக்கடலை. ராகியை முளைகட்டிக் காயவைத்து வறுத்தேன். முளைகட்டினால் ராகியில் இருக்கும் இரும்பும் கால்சியமும் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. மாமியார் ஒரு கைப்பிடி ஜவ்வரிசியும் போடச் சொன்னார், நம்ம ஊர்ச் சரக்காச்சே! அது மரவள்ளி மாவுச்சத்துதான். கஞ்சி கெட்டியாகும், புரதம் ஏறாது. அத்தை மனசு நோகக்கூடாதென்று அரைப் பிடி போட்டேன்.

மாவிலும் குறை இருக்கிறது. நிலக்கடலை சேர்த்ததால் சேலம் வெயிலுக்கு மூன்றாவது வாரமே சிக்கு வாடை அடித்தது. கிண்டும்போது கொஞ்சம் கவனம் தப்பினால் கட்டி தட்டும். பையனுக்கு அதுவே போதும், டம்ளரைத் தள்ளிவிடுவான். வெல்லம் போட்டால் சர்க்கரைக் கணக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பி12, டி வைட்டமின்கள் தானியத்தில் கிடையாது. அந்த இடத்தில் டப்பாவுக்குத்தான் மார்க். ஆனால் பி12ஐப் பாலும் முட்டையுமே கொடுத்துவிடும். டப்பாத் தூளையும் பாலில்தானே கலக்குகிறோம், பாலுக்கு வர வேண்டிய பெயரையும் அது வாங்கிக்கொள்கிறது.

வைட்டமின் சேர்ப்பதே கோளாறு என்றும் சொல்ல மாட்டேன். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் அது கலந்ததுதான். என் புகார் சர்க்கரை மேல்தான்.

இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் கஞ்சி. டப்பா தீர்ந்தால் அடுத்தது வாங்குவதாக இல்லை. கடைக்குப் போனால் பாக்கெட்டைத் திருப்பி 'முதல் பேர் என்ன?' என்று பார்க்கப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போன வாரம் தட்டுவடை செட் வண்டியில் நின்றுகொண்டு, "அண்ணா, இதுல முதல்ல என்ன?" என்றான்.

"முதல்ல காசு குடு தம்பி," என்றார் அவர்.