சேவ் கொடுத்தால் எது சேவ் ஆகிறது? மூன்று கோட்டிங் டிசைன் மென்பொருள்களின் ஃபைல் மெனு

550 நானோமீட்டர் அலைநீளத்தை மையமாக வைத்து, கண்ணாடியில் மெல்லிய லேயர்களாகப் போட்ட ஒரு மிரர் கோட்டிங், வெற்றிட சேம்பரிலிருந்து வெளியே வந்தபோது 538-இல் உட்கார்ந்திருந்தது. டைட்டானியம் டை ஆக்சைடும் சிலிக்காவும் மாறி மாறி வரும் 15 லேயர். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி எதிரொளிக்கிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வளைவைப் பார்த்ததும், லேயரின் தடிமனை அளக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டலைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். கிரிஸ்டலை மாற்றினோம், கிரிஸ்டலில் படியும் தடிமனுக்கும் கண்ணாடியில் படியும் தடிமனுக்கும் உள்ள விகிதமான டூலிங் ஃபேக்டரைத் திரும்ப எடுத்தோம், இரண்டு நாள் போயிற்று. கோளாறு சேம்பரில் இல்லவே இல்லை. டிசைன் போட்ட கம்ப்யூட்டரில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பெயருக்குள், எங்கள் சேம்பரிலேயே அளந்து எடுத்த ஒளிவிலகல் எண் 2.25 இருந்தது. சேம்பருக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் அதே பெயருக்குள் மென்பொருளோடு வந்த 2.35 இருந்தது. டிசைன் ஃபைல் பெயரைக் கொண்டுபோனது, எண்ணை விட்டுவிட்டுப் போனது.

கணக்கு எளிதுதான். கால் அலைத் தடிமன் என்றால் அலைநீளத்தை ஒளிவிலகல் எண்ணின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 2.25-க்கு 61.1 நானோமீட்டர் வரும், 2.35-க்கு 58.5. ஃபைலுக்குள் 'கால் அலை' என்று இருந்ததால், சேம்பர் பக்கத்துக் கம்ப்யூட்டர் தன் 2.35-ஐ வைத்து 58.5 என்று அச்சடித்துக் கொடுத்தது. ஒவ்வொரு டைட்டானியம் டை ஆக்சைடு லேயரிலும் 2.6 நானோமீட்டர் குறைவு. சிலிக்கா சரியாக இருந்ததால் நகர்வு பாதியாகக் குறைந்து 538-இல் நின்றது.

அதிலிருந்து எந்த கோட்டிங் மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் திறப்பது ஃபைல் மெனுவைத்தான். ஆப்டிமைசேஷன் எவ்வளவு வேகம், வரைபடம் எவ்வளவு அழகு என்பதெல்லாம் அப்புறம். சேவ் என்று அழுத்தினால் எதெல்லாம் கூடப் போகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்து எசென்ஷியல் மெக்ளவுட், ஆப்டிலேயர், ஓப்பன்ஃபில்டர்ஸ் ஆகிய மூன்றையும் பார்க்கலாம். பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் சொற்கள் கொஞ்சம் மாறும். அடியில் இருக்கும் ஏற்பாடு மாறுவதில்லை.

எசென்ஷியல் மெக்ளவுட், அமெரிக்காவின் அரிசோனாவில் ஆங்கஸ் மெக்ளவுட் தொடங்கிய தின் ஃபிலிம் சென்டரின் மென்பொருள். இதில் 'நியூ' என்பது ஒரே கட்டளை இல்லை. டிசைன் வேண்டுமா, மெட்டீரியல் வேண்டுமா, ஸ்டாக் வேண்டுமா என்று கேட்கும். கண்ணாடியின் ஒரு பக்கத்துக் கோட்டிங் என்றால் அது டிசைன். முன்பக்கக் கோட்டிங், கண்ணாடி, பின்பக்கக் கோட்டிங் மூன்றையும் சேர்த்துக் கட்டினால் ஸ்டாக். இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கும். பின்பக்கத்தை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டு, அளக்கும்போது கூடுதலாக 4 சதவீத எதிரொளிப்பு எங்கிருந்து வந்தது என்று விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெனுவே அதை நினைவுபடுத்துகிறது.

மெட்டீரியல்கள் டிசைனுக்கு வெளியே ஒரு தொகுப்பில் இருக்கும். டிசைன் ஃபைல் அவற்றைப் பெயரால் கூப்பிடும். இதில் பெரிய வசதி உண்டு. ஒரு சேம்பரில் டைட்டானியம் டை ஆக்சைடை மறுபடி அளந்தால், தொகுப்பில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், எல்லா டிசைனும் புது எண்ணோடு ஓடும். இரண்டு சேம்பர் இருந்தால் இரண்டு தொகுப்பு வைத்துக்கொள்ளலாம். ஒரே டிசைனை இரண்டிலும் ஓட்டி, எந்தச் சேம்பரில் போட்டால் நன்றாக வரும் என்று பார்க்கலாம். இந்த எண் உண்மையிலேயே சேம்பருக்குச் சேம்பர் மாறும். கண்ணாடியை எவ்வளவு சூடாக்குகிறோம், ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு, படியும் லேயரை அயான்களால் தாக்கும் அயான் துணை உண்டா என்பதைப் பொறுத்து 2.2-லிருந்து 2.5 வரைக்கும் போகும்.

அதே வசதிதான் ஆபத்தும். போன வருடம் வாடிக்கையாளருக்குக் கொடுத்த டிசைனை இன்று திறந்தால், இன்றைய எண்ணோடுதான் வளைவு வரும். அன்று காட்டிய வளைவு வேறாக இருந்திருக்கும். மெட்டீரியல் தொகுப்பில் இல்லவே இல்லை என்றால் பரவாயில்லை, வேலை அங்கேயே நின்றுவிடும், நாமும் விழித்துக்கொள்வோம். அதே பெயரில் வேறு எண் இருப்பதுதான் மோசம். சத்தமே வராது.

ஆப்டிலேயரின் வழி வேறு. டிசைனுக்குள் மெல்லிய லேயர்களை நுழைத்து மேம்படுத்தும் நீடில் (ஊசி) முறையை 1982-இல் முதலில் வெளியிட்ட அலெக்சாண்டர் டிகோன்ராவோவ், மிக்கேல் ட்ருபெட்ஸ்கோவோடு சேர்ந்து உருவாக்கியது இது. இதில் முதல் வேலையே ஒரு 'பிராப்ளம் டைரக்டரி'யைத் தேர்ந்தெடுப்பது. ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசைன்கள், டார்கெட்கள் (கோட்டிங் எட்ட வேண்டிய இலக்குகள்), லேயர் மெட்டீரியல்கள், சப்ஸ்ட்ரேட்கள் (கோட்டிங் போடும் கண்ணாடிகள்) எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். பொதுக் கேட்டலாகிலிருந்து ஒரு மெட்டீரியல் வேண்டுமென்றால் அதை இந்த ஃபோல்டருக்கு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நகல்தான் விஷயமே. புதிதாக வருபவர்கள் இதைத் தொந்தரவு என்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் சிலிக்காவை மறுபடி மறுபடி எடுத்துவர வேண்டுமா என்று கேட்பார்கள். எடுத்து வரத்தான் வேண்டும். அன்றைக்கு அளந்த எண் அந்த வேலையோடு உறைந்து நிற்கிறது. ஃபோல்டரை அப்படியே சுருக்கி அடுத்த கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் டிசைனோடு எண்ணும் போகிறது. எங்கள் 538 கதை இந்த ஏற்பாட்டில் நடந்திருக்காது. இன்னொன்று: லேயரின் அளவீட்டிலிருந்து ஒளிவிலகல் எண்ணை எடுக்கும் ஆப்டிகார், போட்டு முடித்த கோட்டிங்கில் எந்த லேயர் தவறியது என்று பின்னோக்கிப் பார்க்கும் ஆப்டிஆர்இ ஆகியவையும் இதே குடும்பம். அளந்த எண் கை மாறாமல் டிசைனுக்குள் வந்து சேருகிறது.

குறையும் உண்டு. நாற்பது வேலைக்கு நாற்பது ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கா. அளவீட்டில் தவறு என்று பின்னால் தெரிந்தால் நாற்பதிலும் போய்த் திருத்த வேண்டும். நான் இதை ஏற்றுக்கொள்கிறேன். திருத்த மறந்தாலும் பழைய டிசைன் பழைய எண்ணோடு ஒத்துப்போய்த்தான் நிற்கும், தனக்குத் தானே முரண்படாது.

டார்கெட் விஷயத்திலும் வித்தியாசம் இருக்கிறது. மெக்ளவுட்டில் டார்கெட் அந்தந்த டிசைனோடு ஒட்டியே போகும். ஆப்டிலேயரில் டார்கெட் தனிச் சரக்கு. ஒரே டார்கெட்டுக்குப் பத்து டிசைன் போட்டு எது குறைந்த லேயரில் முடிகிறது என்று பார்ப்பவர்களுக்கு இரண்டாவது வழி சுலபம்.

இனி ஓப்பன்ஃபில்டர்ஸ். மாண்ட்ரியலின் எகோல் பாலிடெக்னிக்கில் ஸ்டெஃபான் லரூஷும் லுட்விக் மார்ட்டினுவும் பைத்தானில் எழுதியது, 2008-இல் கட்டுரையாக வெளிவந்தது. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. ஃபைல் மெனு சிறியது: புது ப்ராஜெக்ட், திற, சேவ், மூடு. ஒரு ப்ராஜெக்டுக்குள் பல ஃபில்டர்களும் பல டார்கெட்களும் இருக்கலாம். மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் ஏழை வீடு மாதிரி இருக்கும். ஆனால் அந்த ப்ராஜெக்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். சப்ஸ்ட்ரேட் என்ன, மைய அலைநீளம் எவ்வளவு, ஒவ்வொரு லேயரின் மெட்டீரியலும் தடிமனும் என்ன என்று வரிவரியாக வாசிக்கலாம். மெட்டீரியல் ஃபைலும் அப்படியே, வெறும் டெக்ஸ்ட். மென்பொருளே இல்லாமல் போனாலும் டிசைன் நம் கையில் இருக்கும். நேற்றைய ஃபைலையும் இன்றைய ஃபைலையும் பக்கத்தில் வைத்து, ஏழாவது லேயரில் மட்டும் 3 நானோமீட்டர் மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

பத்து வருடம் கழித்துத் திறக்க வேண்டியதை டெக்ஸ்டில் வைப்பதுதான் புத்தி என்பது என் கருத்து. ஆனால் ஓப்பன்ஃபில்டர்ஸிலும் மெட்டீரியல் வேறு ஃபைல், ப்ராஜெக்டில் பெயர் மட்டும்தான். ஆக மெக்ளவுட்டில் சொன்ன அதே ஆபத்து இங்கேயும் உண்டு. ப்ராஜெக்டோடு மெட்டீரியல் ஃபைல்களையும் நாமே ஒரே ஃபோல்டரில் எடுத்து வைத்தால் ஆப்டிலேயரின் பாதுகாப்பு பாதி வந்துவிடும்.

இந்த எண் மாற்றம் மையத்தை மட்டும் நகர்த்துவதில்லை. 15 லேயர், 1.52 கண்ணாடி, சிலிக்கா 1.46 என்று வைத்தால், 2.35-இல் மிரரின் உச்ச எதிரொளிப்பு சுமார் 99.86 சதவீதம் வரும். 2.25-இல் 99.72. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் ஊடுருவிக் கசியும் ஒளி 0.14-லிருந்து 0.28 சதவீதமாக, சரியாக இரண்டு மடங்காகிறது. எதிரொளிக்கும் பட்டையும் 169 நானோமீட்டரிலிருந்து 153-க்குச் சுருங்குகிறது. லேசர் வேலைக்கு மிரர் கேட்டவரிடம் இதை எப்படிச் சொல்வது?

இம்போர்ட், எக்ஸ்போர்ட் பக்கம் வருவோம். எல்லா மென்பொருளிலும் இங்கேதான் அதிகம் அடிபடுகிறோம். மெக்ளவுட்டிலிருந்து லென்ஸ் டிசைன் மென்பொருளான ஸீமேக்ஸுக்குக் கோட்டிங்கை அனுப்ப வழி உண்டு. ஸீமேக்ஸின் கோட்டிங் ஃபைலும் டெக்ஸ்ட்தான், திறந்து பார்க்கலாம். அலைநீளம் மைக்ரோமீட்டரில் இருக்கும். நாம் நானோமீட்டரிலேயே யோசித்துப் பழகியவர்கள், 550 என்று எதிர்பார்த்த இடத்தில் 0.55 நிற்கும். லேயர் தடிமனுக்குப் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். அது 1 என்றால் தடிமன் மைக்ரோமீட்டரில். 0 என்றால் அலைக்கணக்கில், கால் அலைக்கு 0.25. அந்த ஒரு இலக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் 0.25 மைக்ரோமீட்டர், அதாவது 250 நானோமீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடு என்று மென்பொருள் நம்பிவிடும்.

உறிஞ்சும் பொருளாக இருந்தால் இன்னொரு வலை. மெக்ளவுட் மரபில் ஒளிவிலகல் எண்ணில் உறிஞ்சலைக் குறிக்கும் கற்பனைப் பகுதியைக் கழித்தல் குறியோடு எழுதுவார்கள். ஸீமேக்ஸிலும் உறிஞ்சலுக்கு எதிர்க்குறிதான். ஸ்டீவன் பைர்ன்ஸ் எழுதிய டிஎம்எம் என்ற பைத்தான் தொகுப்பில் கூட்டல் குறி. குரோமியம் லேயரை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து இன்னொரு பக்கத்தில் குறி மாற்றாமல் ஒட்டினால், உறிஞ்ச வேண்டிய உலோகம் ஒளியைப் பெருக்குகிறது என்று கணக்கு வரும். ஊடுருவலும் எதிரொளிப்பும் சேர்ந்து நூறு சதவீதத்தைத் தாண்டினால் முதலில் குறியைப் பாருங்கள்.

சேவ் ஆஸ் பற்றி ஒன்றே ஒன்று. நீடில் போன்ற முறைகள் லேயரை நுழைத்து, தள்ளி, டிசைனையே அடையாளம் தெரியாமல் மாற்றிவிடும். ஓட்டுவதற்கு முன் வேறு பெயரில் சேவ் செய்துவிடுங்கள், மூன்றிலுமே.

சரி, எதை எடுப்பது? மாணவர் என்றால், காசும் இல்லை என்றால், தயங்காமல் ஓப்பன்ஃபில்டர்ஸ். ஃபைலைத் திறந்து படித்தே பாதி பாடம் கற்றுக்கொள்ளலாம். ஒரே ஆள் டிசைன் போட்டு, அவரே சேம்பரையும் ஓட்டி, அவரே அளக்கும் இடமென்றால் மெக்ளவுட்டின் பொதுத் தொகுப்பு மிக வசதி. தொகுப்பு ஒருவர் கையில் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. டிசைன் ஒருவர், சேம்பர் இன்னொருவர், அளப்பது மூன்றாமவர் என்று பிரிந்து கிடக்கும் இடத்துக்கு நான் ஆப்டிலேயரைத்தான் சொல்வேன். ஃபைல் கை மாறும் இடத்தில்தான் எண் தொலைகிறது.

எங்கள் இடத்தில் மென்பொருளை மாற்றவில்லை, பழக்கத்தை மாற்றினோம். மெட்டீரியல் பெயரிலேயே சேம்பரும் அளந்த மாதமும் வரும். வெறுமனே டைட்டானியம் டை ஆக்சைடு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சேம்பருக்குப் போகும் தாளில் லேயர் தடிமன் நானோமீட்டரில் மட்டுமே, கால் அலைக் கணக்கு கிடையாது. தாளின் தலையில் ஒவ்வொரு மெட்டீரியலுக்கும் 550-இல் உள்ள ஒளிவிலகல் எண்ணை எழுதுகிறோம். சேம்பர் ஓட்டுபவர் தன் திரையில் இருக்கும் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே பம்ப்பை ஆன் செய்கிறார்.