லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி வாங்கப் போகிறீர்களா? ‘ஜென்5’ என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு 16,500 ரூபாய்க்கு மொட்டை போட்டார்கள்.

என் லேப்டாப் 2020இல் வாங்கியது. இன்டெல் 10ஆம் தலைமுறை, 8 ஜிபி ரேம். டேலி, எக்செல், குரோமில் இருபது முப்பது டேப், இவ்வளவுதான் வேலை. ஃபைல்களைச் சேமிக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பிவிட்டது, மெஷினும் இழுக்க ஆரம்பித்தது. ஒரு 1 டிபி போட்டுக்கொள்ளலாம் என்று போனேன்.

“ஜென்3 எல்லாம் பழசு சார். இது ஜென்5, செகண்டுக்கு 14,000 எம்பி. பறக்கும்” என்றார் கடைத் தம்பி. ஜென் என்பது எஸ்எஸ்டியின் தலைமுறை, எண் ஏற ஏற வேகமும் ஏறும். என் லேப்டாப்பில் ஓடுமா என்று கேட்டேன். “தாராளமா ஓடும் சார்.” அதில் பொய் இல்லை, ஓடத்தான் செய்கிறது. கூடவே வந்த, சூட்டைத் தணிக்கும் கனமான ஹீட்சிங்க் மூடிக்குள் அடங்கவில்லை. “இது டெஸ்க்டாப்புக்கு சார்” என்று கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மூடியைத் திருகினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் விண்டோஸ் திறக்க முன்பு 19 விநாடி, இப்போது 17. டேலி அதே ஆமை வேகம். இடது கை வைக்கும் இடம் மட்டும் புதிதாகச் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா மகன், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஒரு வரியைக் காட்டினான். ஒரு பக்கம் பிசிஐஇ 3.0, இன்னொரு பக்கம் 5.0. பிசிஐஇ என்பது எஸ்எஸ்டிக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா ஓடும் பாதை; 3.0 என்றால் ஜென்3, 5.0 என்றால் ஜென்5. “மாமா, இது உங்க லேப்டாப் தர்ற ரோடு. அது நீங்க காசு கொடுத்த கார்.” என் லேப்டாப்பின் மதர்போர்டு ஜென்3தான். எதை மாட்டினாலும் 3,500 எம்பிக்கு மேல் போகாது. அதே 1 டிபி ஜென்3 பக்கத்துக் கடையில் 5,800 ரூபாய்.

சரி, ரோடு இருந்திருந்தால்? அப்போதும் என் வேலைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. பெட்டியில் போட்டிருக்கும் 14,000, ஒரே பெரிய ஃபைலை மூச்சு விடாமல் படிக்கும் வேகம். விண்டோஸ் திறப்பதும் டேலி திறப்பதும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கும் வேலை. அங்கே ஜென்5க்கே நூறு எம்பியைச் சுற்றித்தான் வரும். நாள் முழுக்க 4கே வீடியோ வெட்டுகிறவர்கள் வாங்கட்டும். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பவர்களுக்கு 550 எம்பி வேகமுள்ள, பழைய வகை சாட்டா எஸ்எஸ்டி போட்டாலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

என் மெஷின் இழுத்ததற்குக் காரணம் ரேம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ரேம் 94 சதவீதம் நிரம்பியதாகக் காட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. காலியாக இருந்த ஸ்லாட்டில் 1,900 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜிபி போட்டதும் சரியாகிவிட்டது.

கடைக்குத் திரும்பப் போனேன். பில்லில் வெறுமனே ‘1 டிபி எஸ்எஸ்டி’ என்றுதான் இருக்கிறது, மாடல் நம்பர் கூட இல்லை. உங்கள் பில்லில் அதை எழுதச் சொல்லுங்கள். போகும் முன் உங்கள் லேப்டாப் எந்த ஜென் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

“பெட்டி பிரிச்சாச்சு, வேலையும் செய்யுது, எப்படி சார் திரும்ப எடுக்கிறது?” என்றார் அதே தம்பி. அப்புறம் சிரித்துக்கொண்டே, “வேணும்னா ஜென்5 போர்டு வச்ச லேப்டாப் ஒண்ணு இருக்கு, நல்ல ரேட்ல பண்ணித் தரேன்.”