முகூர்த்தத்துக்கு வேண்டாம், வரவேற்புக்கு அடிக்கலாம்: வேரா வாங் சென்ட்டுகள்

மணப்பெண் அலங்காரம் என் தொழில். வெளிநாட்டு அத்தைமார்கள் கல்யாணப் பெண்ணுக்குக் கொண்டுவரும் பரிசுகளில் வேரா வாங் பாட்டில் அடிக்கடி தலைகாட்டும். "அக்கா, முகூர்த்தத்துக்கு இதை அடிச்சுக்கலாமா?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும். என் பதில்: வேண்டாம் கண்ணு, சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்.

வேரா வாங் நியூயார்க்கில் 1990இல் மணப்பெண் உடைக் கடை திறந்தவர். தன் திருமணத்துக்கு மனதுக்குப் பிடித்த கவுன் கிடைக்காமல் தானே வரைந்துகொண்டதில் தொடங்கிய தொழில் அது. வெள்ளை கவுன், கையில் ஒரு பூங்கொத்து, அவ்வளவுதான் அவர் மனதில் இருக்கும் மணப்பெண். நம் பெண்ணுக்கோ ஜடை நிறைய மல்லிகை, கழுத்தில் சம்பங்கி மாலை, எதிரே ஹோமப் புகை. இதற்கு நடுவில் சென்ட்டுக்கு என்ன வேலை?

2002இல் வந்த முதல் சென்ட்டுக்கு அவர் பெயரேதான். பல்கேரிய ரோஜா, கார்டீனியா, தாமரை, காலா லில்லி, மேற்கத்தியப் பூங்கொத்துகளில் வைக்கும் மடகாஸ்கர் மல்லிகை என்று பட்டியல் நீளம். காலா லில்லிக்குச் சொல்லிக்கொள்ளும்படி மணமே கிடையாது. அந்தப் பூ வாசனை, கலவை செய்தவரின் கற்பனை. இருந்தாலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இஸ்திரி போட்ட வெள்ளைப் பருத்தித் துணியின் சுத்தம் இதில் இருக்கிறது. தலையில் ஒரு கொத்து ரோஜா மட்டும் வைத்து, லெஹங்காவோ மெல்லிய ஷிஃபானோ உடுத்தும் வரவேற்புக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

2006இல் வந்த பிரின்சஸ், கிரீடம் வைத்த இதய வடிவப் பாட்டில். கொய்யா, சம்பங்கி, சாக்லேட், வெனிலா. பூவை விடத் தித்திப்புதான் முன்னால் நிற்கிறது. கல்லூரிக்குப் போகும் தங்கைக்குக் கொடுத்துவிடுங்கள்.

லவ்ஸ்ட்ரக் 2011. மூடியின் மேலேயே ஒரு பூங்கொத்து. இதிலும் கொய்யாவும் சம்பங்கியும் உண்டு. சம்பங்கி மாலை போட்ட பெண்ணுக்குப் பொருந்தும் என்று நினைக்கத் தோன்றும். பொருந்துவதில்லை. மாலையில் இருக்கும் பூவுக்குப் பச்சை வாடையும் லேசான வெண்ணெய்க் கனமும் உண்டு. பாட்டிலில் இருப்பது அதைக் கழுவித் துடைத்துச் சர்க்கரை தூவிய வடிவம். அருகருகே வந்தால் பாட்டில்தான் தோற்கும். மல்லிகையோடு இன்னும் மோசம். காலையில் மொட்டாக வைக்கும் மல்லிகை நேரம் ஆக ஆக விரிந்து மணக்கும். சென்ட்டு அதற்கு நேர்மாறாக, அடித்த உடனே உச்சத்தில் இருந்து பிறகு இறங்கும். மண்டபத்தின் புழுக்கத்தில் இரண்டும் கலந்தால் பக்கத்தில் உட்காரும் மாப்பிள்ளைக்குத் தலைவலிதான். மாலையைக் கழற்றிய பிறகு அடித்துப் பாருங்கள், லவ்ஸ்ட்ரக் நன்றாகவே இருக்கும்.

எதை வாங்கினாலும் புடவை கட்டுவதற்கு முன்பே மணிக்கட்டிலும் பின்கழுத்திலும் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். பட்டில் பட்டால் திட்டுத் திட்டாகக் கறை விழும், ஜரிகையும் கறுக்கும். கட்டிய பிறகு, "இன்னும் கொஞ்சம்" என்று பாட்டிலோடு வரும் சித்தியை மட்டும் அறைக்குள் விடாதீர்கள்.