பொட்டலத்தை என் கண்முன் பிரித்தார்கள்

கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை. சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்குக்கு எதிரே கீழ்த்தளத்தில் இருக்கும் பல் மருந்தகத்துக்கு மூன்று தடவை போய்வந்தேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

2017-ல் சிங்கப்பூரில் வேறோரிடத்தில் கிருமிநீக்கம் முழுசாக முடியாத பல் கருவிகள் சிகிச்சைக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்ததே, அதிலிருந்து நாற்காலியில் சாய்வதற்கு முன் தட்டைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். இங்கே கண்ணாடி, இடுக்கி எல்லாம் ஒருபக்கம் காகிதம், ஒருபக்கம் பிளாஸ்டிக் உள்ள உறையில் வந்தன. நான் உட்கார்ந்த பிறகுதான் தாதி கிழித்தார். நிறம் மாறியிருந்த பட்டையைக் காட்டி, "அப்போ சுத்தம்தானே?" என்றேன். "அது ஆட்டோகிளேவுக்குள்ள போய்வந்ததை மட்டும்தான் சொல்லும் அங்கிள், கிருமி செத்துச்சான்னு பார்க்க வேற சோதனை இருக்கு" என்றபடி (ஆட்டோகிளேவ் என்பது நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்), தேதியும் அந்த இயந்திரம் ஓடிய சுற்றின் எண்ணும் இருந்த ஸ்டிக்கரைப் பிய்த்து என் கோப்பில் ஒட்டினார். அந்தச் சுற்றில் கோளாறு என்று பிறகு தெரிந்தால் என்னைத் தேடிப்பிடிக்க அதுதான் வழியாம்.

அப்புறம் ஃபைல், அதாவது வேர்க்குழாயைக் குடையும் மெல்லிய திருகுக் கம்பி. டாக்டர் பிரிக்காத பொட்டலத்தை நீட்டினார். வட்டத்துக்குள் 2, அதன் குறுக்கே ஒரு கோடு: மறுபடி பயன்படுத்தாதே என்று அர்த்தம். கழுவி 134 டிகிரி நீராவியில் வைத்தால் போதாதா என்று கேட்டேன், பில் குறையுமே என்ற நப்பாசைதான். திருகின் பள்ளத்தில் ஒட்டிய திசு கழுவினாலும் முழுசாகப் போகாது, அழுக்குக்கு அடியில் நீராவி சரியாக எட்டாது, அதோடு சுழன்று களைத்த நிக்கல்-டைட்டேனியம் வெளியே ஒன்றும் காட்டாமல் பல்லுக்குள்ளேயே முறியலாம் என்றார். இங்கிலாந்தில் 2007-லேயே ஃபைலை ஒரு தடவையோடு தூக்கிப்போடச் சொல்லிவிட்டார்களாம். பிரியான் பயம்; மூளை நோயைப் பரப்பும் ஒருவகைப் புரதம், அது சாதாரண ஆட்டோகிளேவுக்கு அடங்காது. அமெரிக்காவில் சில ஒருமுறைக் கருவிகளை மறுபடி பயன்படுத்த அனுமதி உண்டுதான், ஆனால் அதைத் தயார்செய்து தருபவர் அசல் தயாரிப்பாளருக்குள்ள விதிகளுக்கே கட்டுப்பட வேண்டும். பின்னறையில் ஒரு ஆட்டோகிளேவை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை.

குறைத்த ஒரு நட்சத்திரம் எதற்கென்றால், ஃபைலுக்குத் தனிக் கட்டணம் என்பதைக் கடைசி பில்லில்தான் பார்த்தேன். காசு போனதில் வருத்தமில்லை, முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பத்து மணி அப்பாயிண்ட்மெண்டுக்கு பத்து ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள், அது வேறு. சனிக்கிழமை போகாதீர்கள்.